கவுன்சலர் 'உன் இஷ்டம்'

திருப்பதியில் யாரிடம் வேண்டுமானாலும் ஒரு பதிலை வாங்கிவிடலாம், 'உன் இஷ்ட'த்திடம் மட்டும் முடியாது.

நான் பிசிக்ஸ் நடத்திய கோச்சிங் காலேஜுக்குக் கவுன்சலராக வந்தவன். என் வயசுதான், ஹாஸ்டலில் என் அறையில்தான் தங்கினான். இருத்தலியல் படித்தவனாம். மனுஷன் தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுக்கணும், அடுத்தவன் தலையில் கட்டக்கூடாது என்கிற தத்துவம். யார் எதைக் கேட்டாலும், "உன் இஷ்டம். நீ இன்னா நினைக்கற?" என்பான். பிறகு நோட்டில் ஏதோ எழுதுவான்.

மெஸ் மாஸ்டர் தெரியாத்தனமாக, "சாம்பார்ல உப்பு சரியா சார்?" என்று கேட்டுவிட்டார். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, "நான் எதுக்கு சமைக்கறேன்னே தெரியல" என்று ஏர்பேட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். மூன்று நாள் பிரெட் துன்னோம்.

பதில் சொல்லாதவன் நோட்டில் என்னத்தை எழுதுகிறான்? பிரின்சிபாலின் உளவாளி, சந்தேகமே இல்லை!

என்னிடமும் ஒரு ரகசியம் இருந்தது. சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் பிரின்சிபால் பீரோவில். நடு வருஷத்தில் ஓடுகிறவனுக்கு அது லேசில் திரும்பாது. 'பாஸ்போர்ட்டுக்கு வேணும்' என்று புளுகி லெட்டர் கொடுத்திருந்தேன்.

நகரியில் தறி ஓட்டும் என் அப்பா, நைனா, வேலையை விட ஒப்பமாட்டார். அவரைச் சமாளிக்க இன்னொரு வழி: 'போ', 'இரு' என்று பெருமாள் படத்தின் முன் சீட்டு போட்டு, பெருமாளே சொல்லிவிட்டார் என்பது. ஒன்றை எடுத்தேன். 'போ'. அப்போது பார்த்து உள்ளே வந்த 'உன் இஷ்டம்', மற்றதைப் பிரித்தான். அதிலும் 'போ'.

"பெருமாளையே ஏமாத்திக்கினு கீறியா? முடிவெல்லாம் பண்ணிட்ட. பழி போட ஆள் தேடற."

நோட்டை எடுத்தான். தொலைந்தேன்!

மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டார். மேஜையில் அந்த நோட்டு, பக்கத்தில் அவன்.

"ஏமய்யா, யாரோ ஓடப்போறாங்களாம். யாருன்னு கேட்டா, இவன் நோட்டைக் குடுக்கறான். நீயே பாரு!"

பார்த்தேன். பக்கம் பக்கமாக ஒரே வரி: 'பதில் வாய் வரைக்கும் வந்தது. அடக்கினேன்.'

"சொல்லலேன்னா உன் வேலை போயிடும்," என்றார் அவனிடம்.

"அதை அவங்கதான் சொல்லணும் சார். வேலை உங்க இஷ்டம்."

"நான்தான் சார்," என்றேன். "பாஸ்போர்ட்டெல்லாம் பொய்."

நைனாவிடமும் அன்றே சொன்னேன். திட்டினார். பிறகு வந்து பிரின்சிபால் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து, சர்டிபிகேட்டோடுதான் எழுந்தார். அவன் வேலை போயே விட்டது.

இப்போது சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கவுன்சலர். எந்த முடிவானாலும் முதலில் அவனுக்குத்தான் போன் போடுகிறேன். பதில் வராது. அந்தப் பக்கம் அவன் வாயை அடக்கிக்கொண்டு மூச்சு விடுவது கேட்கும். எனக்கு அது போதும்.