ஆறெழுத்தில் அடங்காதவர்

மார்ச்சு மாதம் பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இறந்துவிட்டதாகக் கணினி மடற்குழுவின் உறுப்பினர் பட்டியல் அறிவித்தது. இறந்ததுகூடப் பெரிதில்லை, சொல் தவறு என்பதே அவருடைய குறை.

இவரைப்போல் உறுப்புரிமையைப் புதுப்பிக்க மறந்தவர் 'காலாவதியானவர்'. ஆனால், தொலைபேசிக் கம்பி வழியே கணினிக்குக் கணினி மடல் கடத்தும் அந்தப் பொழுதுபோக்குக் குழுவின் பழைய தொழில்நுட்ப விதிப்படி, உறுப்பினர் நிலையைக் குறிக்க ஆறு எழுத்துகளுக்கே இடம். எட்டெழுத்துச் சொல் நுழையவில்லை. யாரோ ஆறெழுத்துச் சொல்லை நுழைத்துவிட்டார்: 'காலமானவர்'.

காலமானவரின் மடலை எந்தக் கணினியும் ஏற்காது. ஒற்றுப்பிழைகளைப் பற்றி ஆசிரியர் வாரந்தோறும் எழுதும் மடலுக்கு வெளியே நாற்பத்திரண்டு வாசகர்கள், வீட்டில் ஒருவருமில்லை. நாற்பத்திரண்டையும் இழப்பதா?

குழுவின் ஒருங்கிணைப்பாளரான, கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"ஐயா, நான் உயிரோட இருக்கேன்!"

"தெரியுது சார். விதிதான் ஏத்துக்க மாட்டேங்குது."

"அப்ப விதியைத் திருத்துங்க! எட்டெழுத்துக்கு இடம் விடுங்க."

"இருபது வருஷத்து விதி சார். ஒரு பல்லை மாத்தினா மொத்தச் சக்கரமும் இடிக்கும்."

"இடிச்சா நான் பாத்துக்கறேன்."

கடைக்காரர் மாற்றினார், இடித்தது. எழுத்துகள் தள்ளப்பட்டதில், மேல்வரியில் உண்மையிலேயே காலமானவரின் ஆண்டு நழுவி இவர் வரியில் விழுந்தது. காலையில் இறந்தவர், மாலையில் மூன்றாண்டுகளுக்கு முன்பே இறந்தவரானார். உடனே நாற்பத்திரண்டு கணினிகளும், யாரும் சொல்லாமலே, மூன்றாமாண்டு நினைவஞ்சலி அனுப்பின. அத்தனையிலும் 'கண்ணிர் அஞ்சலி'!

"நெடில் எங்கேடா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

"செத்தும் திருந்தலையா நீங்க?" என்றாள் மனைவி. "முதல்ல அந்தப் போனைப் பாருங்க. யாரோ உள்ளே மூச்சு விடற மாதிரி இருக்கு."

அவர் காதில் வைத்தார். மூச்சுதான். மூச்சுக்கிடையே, பள்ளிப்பிள்ளை எழுத்துக்கூட்டுவதுபோல் ஒரு மெல்லிய குரல்: "கா... ல... மா..."

"ன... வ... ர்" என்று பழக்கதோஷத்தில் ஆசிரியரே முடித்துவைத்தார். எதிர்முனையில் யாரோ திருப்தியுடன் பெருமூச்சு விட்டார்கள். ஆசிரியர் சட்டென்று அழைப்பைத் துண்டித்து, தொலைபேசி அலுவலகத்துக்குப் புகார் கொடுத்தார்.

மறுநாள் காலை லைன்மேன் வந்தார். ஏணி போட்டுக் கூரையோரம் ஏறியவர், சிறிது நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டே இறங்கினார்.

"சார், எந்தப் போன்ல இருந்து கம்ப்ளைண்ட் கொடுத்தீங்க?"

"இதோ, இதே போன்லதான்."

"விளையாடாதீங்க சார். இந்த வீட்டுக் கம்பியை நாங்க அறுத்து மூணு வருஷமாச்சே!"

மேசைமேல் தொலைபேசி மணியடித்தது.

வாசகரே, நீங்களும் ஏதேனும் ஒரு பட்டியலில் இருப்பீர்கள். உங்கள் பெயருக்கு நேரே எத்தனை எழுத்துகள் உள்ளன? இப்போதே எண்ணிப் பாருங்கள்.