மீற்றர் அண்ணையின் அரை வோல்ட்

அன்று காலை என் கராஜில் இருந்தவர்கள் மூன்று பேர்: மீற்றர் அண்ணை, நான், ஒரு வாளி மணல். மணலையும் ஆளாகச் சேர்த்ததற்குக் காரணம், வெடித்தால் உதவக்கூடியது அது ஒன்றுதான்.

அளக்காமல் எதையுமே நம்பாத மனிதர் டென்மார்க்கின் இந்தப் பிராண்டே ஊரில் மீற்றர் அண்ணை ஒருவர்தான். காற்றாலை செய்கிற தொழிற்சாலையில் மின்வேலை. பனியில் ஜக்கெற் போட மறந்தாலும் மறப்பார், வோல்ட் அளக்கிற அந்த மஞ்சள் மீற்றரை மறக்கமாட்டார். ஒரு கலியாணத்தில் மைக் கரகரத்தது என்று, தாலி கட்டும் நேரத்தில் மணவறைக்குப் பின்னால் புகுந்து பற்றறி அளந்தவர். நெஞ்சுவலி வந்து அம்புலன்சில் ஏற்றியபோது, நெஞ்சில் வயர் ஒட்டிய டெனிஷ் பெண்ணிடம் "இதுக்கு எத்தனை வோல்ட்?" என்று கேட்டாராம்.

அதன் பிறகுதான் டொக்டர், சிகரெட்டா உயிரா என்று கேட்டுவிட்டார். கடையில் விற்கிற 'வேப்' என்ற மின்சிகரெட்டை அண்ணை நம்பவில்லை. செம்புக் குழாய் ஒன்றை வெட்டி, மேலே புகை வருகிற தலை, நடுவில் பற்றறி, அடி மூடியில் அமத்துகிற பொத்தான் என்று தானே ஒன்று செய்தார். இடையில் காவலுக்குச் சேர்க்கிட் எதுவும் இல்லை. பற்றறியிலிருந்து தலைக்குள் சூடாகிற கம்பிச் சுருளுக்கு நேரே மின்சாரம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் கண்ணுக்கு அது சின்னக் குண்டாகவே தெரிந்தது. ஆனாலும் ஐந்து மாதம் அவர் ஒரு சிகரெட்டும் தொடவில்லை.

அந்தச் சனிக்கிழமை முகம் கறுத்துப்போய் வந்தார்.

"தம்பி, புகை வருகுதில்லை. காரில ஒரு பெட்டி சிகரெட் வாங்கி வைச்சிருக்கிறன். இண்டைக்கு இது சரிவரேல்லையெண்டால் பெட்டியை உடைச்சு ஒண்டைப் பத்திப்போடுவன்."

"அண்ணை, டொக்டர் சொன்னதெல்லே..."

"டொக்டரே வந்து ஊதப்போறார்? மீற்றரைப் பிடி."

பற்றறி தனியே நாலு தசம் இரண்டு வோல்ட். பொத்தானை அமத்தி மேலே அளந்தால் மூன்று தசம் நாலு.

"பற்றறி களைக்கிறதில கொஞ்சம் குறையும். மிச்சம் அரை வோல்ட் வழியில எங்கயோ போகுது. வடிவாப் பார்த்து வாசி."

"என்னெண்டு வாசிக்கிறது அண்ணை, நம்பர் ஆடுது."

"நம்பர் ஆடேல்லை, நீதான் ஆடுறாய்."

ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பக்கமும் மீற்றர் ஊசியை வைத்துப் பொத்தானை அமத்தினார். நல்ல மூட்டென்றால் சைபர் காட்ட வேண்டுமாம். மேல் மூட்டு சைபர். அடி மூடியில் சைபர் தசம் ஐந்து.

மூடியைக் கழற்றினார். மரை முழுக்கச் சீமெந்து மாதிரி வெள்ளையாய் ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார்.

"திருநீறு."

வெள்ளிக்கிழமைகளில் அவர் பற்றறியைச் சார்ஜில் போட்டுவிட்டு, குழாயையும் மூடியையும் கழற்றிச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். அக்கா, அதுதான் அவர் மனைவி, புதுக் காருக்குப் பூசினது போலவே இதற்கும் ஒரு துண்டு விடாமல் நீறு குழைத்துப் பூசி வந்திருக்கிறா. ஐந்து மாத வெள்ளி.

"நான் திரும்பப் பத்திப்போடுவன் எண்ட பயத்தில பூசியிருக்கிறாள். அந்தப் பூச்சாலதான் இண்டைக்குப் பெட்டி வாங்கினனான்."

"அக்காவிட்டச் சொல்லுங்கோவன்."

"உனக்கென்ன விசரே? கடவுளால அரை வோல்ட் நட்டமெண்டு எந்த வாயால சொல்லுறது?"

பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவைத்துப் பூட்டினார். அமத்தி இழுத்தார். கராஜே மறையும்படி புகை வந்தது. வெடித்துவிட்டதென்று நான் வாளியைத் தூக்கி மணலை என் காலிலேயே கொட்டினேன். புகைக்குள்ளிருந்து அவர் சிரிப்பது மட்டும் கேட்டது. போகும்போது, உடைக்காத அந்தப் பெட்டியை என் குப்பைவாளிக்குள் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை அக்காவைக் கடையில் கண்டேன்.

"தம்பி, நான் நீறு பூசுறபடியாலதான் அந்தச் சாமான் இவ்வளவு நல்லா வேலை செய்யுது, தெரியுமே?"

"ஓம் அக்கா," என்றேன்.

அக்கா வெள்ளிக்கிழமை பூசுகிறா. அண்ணை சனிக்கிழமை பத்து மணிக்கு என் கராஜுக்கு வந்து தேய்க்கிறார். முன்பெல்லாம் அவர் வருகிறார் என்றால்தான் எனக்குப் பயம். இப்போது பத்து தாண்டி ஐந்து நிமிடமாகியும் அவர் காரைக் காணவில்லையென்றால், சப்பாத்தும் போடாமல் தெருவில் போய் நிற்கிறேன்.