கிணற்றுப் பக்கம் யாருக்கு

வேலுமணிக்கு நீதிபதி மேல்தான் கோபம். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது போட்ட பாகப்பிரிவினை வழக்கு, அவள் காலேஜ் போன பிறகு ஒருவழியாக அசைந்தது. அசைந்த திசைதான் சரியில்லை.

“ஊர் வழக்கப்படியே செஞ்சுக்கங்க” என்று சொல்லிவிட்டார் நீதிபதி. மூத்தவன் தோப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இளையவன் தனக்குப் பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து பார்த்து எழுதிக்கொள்வார்.

அகரத்துத் தோப்பில் மேற்கே வற்றாத கிணறு. கிழக்கே வற்றாத கருவேல முள். எங்கே கோடு போட்டாலும் கிணறு ஒரு பக்கம்தான் விழும். தம்பி மதன்குமாரும் அந்தப் பக்கம்தான் விழுவான்.

“கெணத்தப் பொதுவுல விட்டுட்டுப் பிரிங்க. முறை வச்சுத் தண்ணி பாய்ச்சுனா தீந்துச்சு” என்றாள் மனைவி அம்பிகா.

“முறை வச்சுப் பாய்ச்சவா இம்புட்டு வருசமா வக்கீலுக்கு அழுதேன்?”

முதலில் மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். மதன்குமார் நேரே போய் ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டு, “எளநி மாதிரி இருக்குண்ணே” என்று போன் போட்டான். மோட்டார் இல்லாமல் தென்னை வாடியதுதான் மிச்சம்.

தண்ணீரைச் சொல்லிப் பயமுறுத்த முடியவில்லை என்றால் சாமியைத்தான் இறக்க வேண்டும். மதன்குமார் ரோட்டில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தைத் தாண்டவே யோசிக்கிற ஆள். வேலுமணி கிணற்றடி வேம்புக்குக் கீழே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டினார். பிறகு டீக்கடையில் குரலைத் தாழ்த்தினார்.

“துடியான சாமிப்பா. அந்த மண்ண உழுதவன் உருப்பட மாட்டான்.”

“நீங்கதானண்ணே இத்தன வருசமா உழுறீக?” என்றார் டீக்கடைக்காரர்.

“அதேன் உருப்படல.”

வீட்டில் அம்பிகா கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். “தொவைக்கிற கல்லு எங்க போச்சுன்னே தெரியல.”

“கண்ண மூடிக் கும்புடு. தெரியும்.”

பக்கத்துத் தோட்டத்தில் மல்லிகை போட்டிருக்கும் கண்ணம்மாள் அந்தக் கல்லுக்கு ஒரு முழம் பூ வைத்தாள். காணாமல் போயிருந்த அவளுடைய ஆடு அன்றே வந்து நின்றது. ஒரு சாமிக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஊரே கிணற்றடியில் நின்றது. கண்ணம்மாளுக்கு அருள் வந்தது.

“ஏலே வேலுமணி! நான் யாருன்னு தெரியுதாலே?”

நன்றாகவே தெரியும். போன வாரம் வரை அவருடைய வேட்டி துவைத்த கல். சொல்ல முடியுமா?

“தெரியலையே சாமி.”

“நான்தேன்டா கெணத்தடிக் கருப்பு! வெயில்ல காயுறேன். கூரை போடு! கெடா வெட்டு!”

கூரை போட்டார். கிடா வெட்டினார். மதன்குமார் பிரியாணியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையை முகர்ந்தபடியே, “நெசமாவே துடியான சாமிதேண்ணே” என்றான். வேலுமணிக்கு மனசு குளிர்ந்தது. செலவானால் என்ன, மீன் மாட்டிவிட்டது.

கமிஷனராக வந்தது சுகன்யா என்ற இளம் வக்கீல். வேலுமணி பிரித்துக் காட்டினார்: மேற்கு ஒன்று, கிழக்கு ஒன்று. மதன்குமார் கிழக்கைப் பார்த்தான். மேற்கைப் பார்த்தான். கிணற்றை எட்டிப் பார்த்தான். திரும்பவும் எட்டிப் பார்த்தான்.

வேலுமணி சுகன்யாவிடம் ஓடினார். கிடா வெட்டியும் பயல் பயப்படவில்லையே!

“மேடம், ஒளிக்காமச் சொல்லிர்றேன். மேக்க இருக்க கெணறு, தென்னை, மண்ணு அம்புட்டும் கருப்புக்குச் சொந்தம். எங்கய்யா காலத்துலருந்தே அப்பிடித்தேன். நாங்க வெறும் காவக்காரங்க.”

“இத எழுதிக்கவா சார்?”

“கொட்டை எழுத்துல எழுதுங்க மேடம். கையெழுத்தே போடுறேன்.”

போட்டார். மதன்குமார் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“ஆத்தாடி, சாமி சொத்து நமக்கு எதுக்குண்ணே? எனக்குக் கெழக்கே போதும்.”

அன்று சாயங்காலமே மேற்கில் மோட்டார் மறுபடி ஓடியது. வேலுமணி வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு, தம்பியின் முட்டாள்தனத்தை நினைத்து நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாதக் கடைசி வரை தாங்கியது. பிறகு வக்கீல் குமாஸ்தா இனிகோ போன் பண்ணினான்.

“அண்ணே, ஒங்க மேல புதுசா ஒரு கேஸ் விழுந்திருக்கு.”

“தம்பியா? முள்ளு குத்துன பெறகுதேன் புத்தி வந்துச்சாக்கும்?”

“தம்பி இல்லண்ணே. கருப்பு.”

“எந்தக் கருப்பு?”

“கெணத்தடிக் கருப்பு. மேக்க இருக்கதெல்லாம் தன்னோட சொத்து, வேலுமணி வெறும் காவக்காரரு, அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு, காலி பண்ணச் சொல்லுங்கன்னு சாமியே மனு போட்டிருக்கு.”

வேலுமணி விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏம்ப்பா இனிகோ, கல்லு எப்பிடிப்பா கோர்ட்டுப் படி ஏறும்?”

“ஏறாதுல்லண்ணே. சட்டத்துக்குச் சாமி மைனர்ப் புள்ள மாதிரி, அதுக்காகக் கார்டியன்தேன் வந்து நிப்பாரு, இங்க ஒங்க தம்பி பேரப் போட்டிருக்கு.”