பஸ் நிலையத் திருப்பத்தில் தானாக நிற்கும் கார்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தாங்கள் திரும்பி வரும்வரை தங்கள் டிரைவிங் ஸ்கூலையும் வெள்ளைக் காரையும் பார்த்துக்கொள்ளும் வருங்கால மருமகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும், மூத்த மகள் வீட்டில் புதுப் பேரக்குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு, அது சரிதானா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். காய்ச்சல் இல்லை. நேரத்துக்குப் பசிக்கிறது. ஆகவே சௌக்கியம் என்றே வைத்துக்கொள்வோம்.

நேற்று போனில் தாங்கள், "வண்டிக்கு என்னப்பா ஆச்சு? இல்ல, உனக்குத்தான் ஏதாவது ஆச்சா?" என்று கேட்டீர்கள். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது மாமா. லைசென்ஸ் டெஸ்ட் நெருங்குகிறது, படிக்க வந்தவர்கள் எதிர்த்தெரு ஸ்கூலுக்கு ஓடுகிறார்கள், இப்படியே போனால் சாவியைத் தங்கள் தம்பியிடம் கொடுக்கச் சொல்லிவிடுவதாகச் சொன்னீர்கள். சாவி போனால் போகிறது. ஒரு காரைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவனிடம் எதை நம்பிப் பெண்ணைக் கொடுப்பது என்று அத்தை நினைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் இளைய மகள் கால்நடை மருத்துவம் படிக்க வெளியூர் போனதற்கும் இந்தக் கோளாறுக்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது. முதல் வருஷம் முடியும்வரை அந்த ஊர் மண்ணை மிதிக்கமாட்டேன், படிப்பைக் கெடுக்கமாட்டேன் என்று தங்களுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். அவளை வழியனுப்பிய அன்றுகூட நான் சாதாரணமாகத்தான் இருந்தேன். பஸ் கிளம்பியபோது என் கால் மட்டும் என்னைக் கேட்காமல் தரையை ஓங்கி மிதித்தது. செருப்பு வார் அறுந்தது. பஸ் நிற்கவில்லை. தாங்களும் அப்போது காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள், காலையில்தான் நான் அதைத் துடைத்திருந்தேன். சரி, அது வேறு விஷயம்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஊரெல்லாம் ஒழுங்காக ஓடுகிற வண்டி, பஸ் நிலையத் திருப்பம் வந்ததும் தானாகவே டக்கென்று நின்றுவிடுகிறது. முதலில் நம்ம மருந்துக்கடைக்காரர் ஓட்டும்போது நின்றது. அவர் மூக்கு ஸ்டியரிங்கில் இடித்து, சொந்தக் கடை மருந்தை முதல்முறையாகத் தானே போட்டுக்கொண்டார். "ஓட்டக் கத்துக்க வந்தா நிக்கக் கத்துக்கொடுக்கிறாங்கப்பா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாத்திரையோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்து ஒரு புது மாப்பிள்ளை, மனைவியைப் பின் சீட்டில் உட்காரவைத்துப் பெருமையாக ஓட்டி வந்தார். அதே திருப்பம், அதே டக். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மறுநாளிலிருந்து மனுஷன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பெட்ரோலை மாற்றிப் பார்த்தேன், பிளக்கை மாற்றிப் பார்த்தேன், தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில், ஸ்பேனர் என்று ஊரே அழைக்கும் நம்ம மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கற்க வந்த ஒருவர் ஓட்ட, நான் பக்கத்தில் இருக்க, அவன் பின் சீட்டில் படுத்து, தலையை முன்னால் நீட்டிக் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தான். திருப்பத்தில் வண்டி நின்றதும் எழுந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, வண்டியில ஒரு கோளாறும் இல்ல. கொஞ்சம் காலை எடுங்க."

"எந்தக் காலை?"

"உங்க பக்கத்து பிரேக் மேல வச்சிருக்கீங்களே, அதை."

"அது எப்படா அங்க போச்சு?"

"கால் உங்களுது, கேள்வி என்னையா?"

குனிந்து பார்த்தேன் மாமா. கற்றுக்கொடுப்பவனுக்கென்று தாங்கள் ஆசையாகப் பொருத்திய அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் என் கால் இருந்தது உண்மைதான். ஆனால் வண்டி நின்றதால் பயந்துபோய் கால் அங்கே போனதா, கால் போனதால் வண்டி நின்றதா, யாரால் சொல்ல முடியும்? ஸ்பேனர் ஒரு வழி சொன்னான். "உங்க பக்கத்துப் பெடலை ஒரு நாள் கழட்டி வைப்போம். அப்பவும் நின்னா வண்டிக்குக் கோளாறு. நிக்கலன்னா ஆளுக்குக் கோளாறு." கழற்றியாகிவிட்டது. நாளைக்கு ஓட்ட வருகிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மெதுவாக ஓட்டுவார், திரும்பு என்றால்தான் திரும்புவார், சொல்லாத எதையும் செய்யமாட்டார். சோதனைக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

வண்டி நிற்கத்தான் போகிறது, நான் குற்றமற்றவன் என்று தெரியத்தான் போகிறது. ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி இந்தக் காரை மாற்றிவிட வேண்டும். அதில்தான் அவளும் ஓட்டக் கத்துக்கிட்டா, அதனால எனக்கு மாத்த மனசு வராதுன்னு நினைக்காதீங்க. என் பக்கத்து பிரேக்கை ஒரு நாளாவது தொட விட்டிருப்பாளா? வண்டியை நிறுத்தினா கை பிரேக்கை இழுக்கணும்னு எனக்கே பாடம் எடுப்பா. இப்பக்கூடப் பக்கத்துல யாரு ஓட்டினாலும் அந்தக் குரல்தான் கேக்குது. போன வாரம் முடி வெட்டப் போன இடத்துல, கத்தரிக்கோலை எடுத்தவர்கிட்ட "கண்ணாடி பாத்து மெதுவா எடுங்க"ன்னு சொல்லியிருக்கேன். மனுஷன் கத்தரிக்கோலைக் கீழ வச்சிட்டார். மாட்டுக்கு ஒண்ணுன்னா பாக்க அவ டாக்டராகி வந்துடுவா. எனக்கு என்னன்னு எந்த டாக்டர்கிட்ட போய்க் கேக்கறது மாமா?

மன்னிக்கவும், கை எங்கேயோ போய்விட்டது. ஆக, எனக்கு அவள் நினைப்பே இல்லை, கோளாறு காருக்குத்தான் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கங்கள். குழந்தை நன்றாகப் பால் குடித்து, நன்றாகத் தூங்கி, பெரியவனாகி நம் ஸ்கூலிலேயே ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும்.

தங்கள் வாக்குத் தவறாத,
வருங்கால மருமகன்

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. காரை மாற்ற வேண்டாம். இன்று பஸ் நிலையத் திருப்பம் வந்தது. பெடல் இருந்த இடத்தில் வெறும் தகரத்தை என் பலம்கொண்ட மட்டும் மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. தலைமையாசிரியை அம்மா "நேராவா?" என்றார். திரும்புங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "நேரா" என்று வந்தது. அந்தச் சாலை நேரே எங்கே போகிறது என்பது தங்களுக்குத் தெரியும். இதைக் கால்நடைக் கல்லூரி வாசலில், காருக்குள் இருந்தபடியே எழுதுகிறேன். மண்ணை மிதிக்கவில்லை, இன்னும் இறங்கவே இல்லை. "இன்னிக்குத்தான் வண்டி ஒழுங்கா ஓடுச்சு" என்று அந்த அம்மா சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார்.

வாசலில் நம் காரைக் கண்டதும் அவள் வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்தாள். முதலில் பின் சீட்டைத்தான் பார்த்தாள். "அப்பா வரலையா?" என்று கேட்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு, எனக்கும்தான். அடுத்த தடவை தாங்களும் வாருங்கள் மாமா. வரும்போது சாவியை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். பிறகு அவள் ஜன்னல் வழியாக உள்ளே கையை நீட்டி, நாங்கள் மறந்துபோன கை பிரேக்கை இழுத்துவிட்டாள். "கிளாஸ் முடிஞ்சு வரேன். அதுவரைக்கும் வண்டி நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். நகரவில்லை மாமா.