நான் கண்டுபிடித்த பசி மாத்திரை

அந்தப் புதன்கிழமை மத்தியானம் தறிக்கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். முதல் தறிக்கு அங்கமுத்து மாமா. இரண்டாம் தறிக்குச் செங்கோடன். மூன்றாம் தறிக்குப் பொன்னான். மூவருக்கும் ராட்டையில் ஊடைநூல் சுற்றிக் கொடுக்கும் பாவாயி அக்கா. ஐந்தாவது ஆள் நான். வாசலில் கட்டியிருந்த பொன்னானின் வெள்ளாட்டையும் சேர்த்தால் ஆறு. ஆட்டை எதற்குக் கணக்கில் சேர்க்கிறாய் என்று கேட்பீர்கள். பொய் சொல்லப் போகிறவன் முதலில் சாட்சிகளை எண்ணிக்கொள்ள வேண்டும். அதிலும் நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஆட்டைக்கூட விட்டுவிட எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது உலகச் சண்டைக் காலம். ராசிபுரத்தில் அரிசி ரேஷனுக்குப் போயிருந்தது, நூல் எங்கே போயிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வயது இருபது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். (நிறுத்தியவன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார், ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேள்வி கேட்பார் என்று வாத்தியார் சொன்னார். அன்றைக்குக் கொல்லைப்புறமாக ஓடியவன் திரும்பிப் போகவேயில்லை.) காலையில் தெருவில் பாவு நீட்டும் இடத்தில் எடுபிடி வேலை. மத்தியானம் தறிக்கூடத்தில் பேப்பர் வாசிக்கும் வேலை. இரண்டாவது வேலைதான் எனக்குப் பெருமை.

அந்தத் தறிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சேலத்திலிருந்து பதினொரு மணி பஸ்ஸில் பேப்பர் வரும். பன்னிரண்டு மணிக்குத் தறிகள் நிற்கும். அவர்கள் கம்பஞ்சோற்றைப் பிசைந்து சாப்பிடும் அரை மணி நேரம் நான் வாசிக்க வேண்டும். அதற்கு ஆளுக்கு வாரம் ஓரணா. நால்வரும் சேர்ந்து கால் ரூபாய். நாலு பேரில் அங்கமுத்து மாமாவுக்கு மட்டும் தன் பெயரை எழுதத் தெரியும். மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது. ஆனால் அபிப்பிராயம் இல்லாத விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. வாசித்து முடித்த பிறகு தறி ஓடும், அதோடு கூடவே விவாதமும் ஓடும். ராஜாங்க விஷயம் என்றால் அங்கமுத்து மாமா. விஞ்ஞானம் என்றால் செங்கோடன். (அவர் ஒரு முறை சூரமங்கலம் போய் ரயில் இஞ்சினைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு விஞ்ஞானத்தில் அவரை யாரும் எதிர்த்துப் பேச முடியாது.) வேலை, கூலி, விலைவாசி எல்லாம் பாவாயி அக்கா. பொன்னான் ஒன்றுமே பேசமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார்.

அந்தப் புதன்கிழமை பஸ் வரவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்கள் அவை. பின்னால் அடுப்பு மாதிரி ஒரு டப்பாவைச் சுமந்துகொண்டு, மேடு கண்டால் மூச்சு வாங்கி நின்றுவிடும். மல்லூர் பக்கம் படுத்துவிட்டது, எழுப்ப நாலு நாள் ஆகும் என்றார்கள்.

வேறு யாராக இருந்தாலும், "இன்னிக்குப் பேப்பர் வரலீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நான் யோசித்தேன். (என் யோசனை எப்போதுமே கெட்டதிலிருந்து தொடங்கி மோசத்தில் போய் முடியும்.) பேப்பர் இல்லாமலும் சோறு இறங்குகிறது என்று இவர்கள் ஒருநாள் கண்டுகொண்டால் மறுநாள் என்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள்? ஆகவே வீட்டில் கிடந்த பழைய பேப்பர் ஒன்றை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். பழைய சேதியையே வாசித்தால் மாட்டிக்கொள்வேன். எனவே பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, முன்னால் அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சீமையில் ஒரு விஞ்ஞானி பசி மாத்திரை கண்டுபிடித்திருக்கிறார். காலையில் ஒன்று விழுங்கினால் அன்று முழுவதும் பசிக்காது. அரிசித் தட்டுப்பாட்டை உத்தேசித்து, ரேஷன் கடை மூலம் இதை விநியோகிக்கலாமா என்று ஆலோசனை நடக்கிறது."

சாப்பிட்ட கைகள் நின்றுவிட்டன.

"என்ன நிறம்னு போட்டுருக்குதா?" என்றார் செங்கோடன்.

"மஞ்சள்" என்றேன்.

"அதேதான்" என்றார் அவர். "சூரமங்கலத்துல ஒரு ரயில் கார்டு முழுங்கறதைப் பாத்தேன். அவரு ஈரோடு போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் பச்சைத்தண்ணி குடிக்கல."

நான் அப்போதுதான் கண்டுபிடித்த மாத்திரையை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

அங்கமுத்து மாமா கையை நக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மாத்திரை நல்ல மாத்திரையாவே இருக்கட்டும். குடுக்கறவன் ஆரு? கால்படி அரிசிய அளக்கறப்பவே கட்டை விரலை உள்ள உடறவன். மாத்திரையில அரை மாத்திரை குடுக்கமாட்டான்னு என்ன நிச்சயம்?"

"அதை உடுங்க மாமா" என்றாள் பாவாயி அக்கா. "பசிக்கலீன்னா சோத்து நேரம் எதுக்குன்னு மொதலாளி கேப்பாரு. சோத்துச் செலவே இல்லியே, கூலி எதுக்கு இத்தனைன்னும் கேப்பாரு. மாத்திரை நம்ம வகுத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி கூலிக்குள்ள போயிரும்."

பொன்னான் தலையை ஆட்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சோற்று நேரம் போனால் பேப்பர் வாசிக்கும் நேரமும் போகும். என் வேலையைக் காப்பாற்ற நான் கண்டுபிடித்த மாத்திரை முதலில் என் வேலையைத்தான் விழுங்கப் போகிறது.

அதோடு விட்டிருக்கலாம். வியாழக்கிழமையும் பஸ் வரவில்லை. உள்ளே நுழைந்ததுமே, "மாத்திரை என்ன ஆச்சுது கண்ணு?" என்றார் மாமா. ஒன்றும் போடவில்லை என்று சொன்னால் நேற்றைய சேதிமேல் சந்தேகம் வருமோ என்று பயந்து, அதைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது பற்றி இரண்டு டாக்டர்களுக்குள் தகராறு என்று வாசித்தேன். அதைக் கேட்கத் தெருவில் இருந்து நாலு தாய்மார்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை மாத்திரையின் விலை வந்தது. (காலணா. குறைவாகத்தான் வைத்தேன், எனக்கும் மனச்சாட்சி உண்டு.)

சனிக்கிழமை பஸ் வந்தது, உண்மையான பேப்பரும் வந்தது. அதில் மாத்திரையைப் பற்றி ஒன்றும் இல்லை என்று தலை நிமிர்ந்து சொன்னேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் சந்தைத் திடலில் ஒரு கூட்டம். சேலத்திலிருந்து ஓர் உணவு அதிகாரி வந்திருந்தார். அரிசியைக் குறையுங்கள், சக்கரைவள்ளிக் கிழங்கு சாப்பிடுங்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். இந்த மாதிரி அதிகாரிகள் யாரும் கேட்க வேண்டும் என்பதற்காக அப்படிச் சொல்வதில்லை. அங்கமுத்து மாமாவுக்கு அது தெரியாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க, கெழங்கெல்லாம் சரிங்க. அந்தப் பசி மாத்திரை எப்பங்க வருது?"

நான் பக்கத்தில் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் மறைந்தேன். இப்போது அதிகாரி சிரிப்பார், அப்படி ஒன்றும் கிடையாது என்பார், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. கூட வந்த குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா ஒரு கட்டுக் காகிதத்தைப் புரட்டினார். தனக்குத் தெரியாத ஒரு சர்க்கார் உத்தரவு ராசிபுரத்து நெசவாளிக்குத் தெரிந்திருக்கிறதே என்ற கலக்கம் அதிகாரி முகத்தில் தெரிந்தது. (பயந்தவன் முகம் எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.) தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"அது பரிசீலனையில் இருக்கிறது."

திடல் இரைந்தது. என் பொய்க்குச் சர்க்கார் முத்திரை விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தறிக்கூடத்தில் நால்வரும் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை தறியை நிறுத்திவிட்டுச் சேலத்துக்கு நடந்து போய், மாத்திரை வேண்டாம் என்று கலெக்டரிடம் மனு கொடுப்பது. போக ஒரு நாள், வர ஒரு நாள், இரண்டு நாள் கூலி போகும். நூல் கிடைக்காமல் பாதித் தறி ஓடிய அந்த மாதத்தில் இரண்டு நாள் கூலி என்பது பாவாயி அக்கா வீட்டில் இரண்டு நாள் உலை. மனுவை எழுதுவது நான். முதல் கையெழுத்தும் நான்.

தபாலாபீஸ் சுவரில், வதந்தி பரப்பினால் சிறை என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதைத் தினமும் ஒரு முறை வாசித்துவிட்டுப் போகிறவன் நான்.

மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். "ஐயா, பசியத் தீக்கறது சர்க்கார் வேலை. பசிய மறக்க வெக்கறது சர்க்கார் வேலை இல்லீங்க." அடுத்தது பாவாயி அக்கா: "சோத்து நேரத்துல நாங்க சோறு மட்டும் திங்கறதில்ல, நாலு விசயம் பேசிக்கிறோம். மாத்திரை குடுத்தீங்கன்னா அந்தப் பேச்சை எங்க வெச்சுப் பேசறது? இதையும் எழுது சாமி." எழுதினேன். அவ்வளவு நல்ல வாக்கியங்களை அதுவரை எந்தப் பேப்பரிலும் நான் வாசித்ததில்லை. எல்லாம் என் பொய்க்குப் பிறந்தவை. கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"மாமா, அந்த மாத்திரை கெடையாதுங்க."

"இன்னும் வரலீங்கிறியா?"

"வராதுங்க. நானாச் சொன்னது. பேப்பர் மூணு நாள் வரல. பயந்துக்கிட்டுப் பழைய பேப்பரைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னனுங்க."

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று காத்திருந்தேன். செங்கோடன் சிரித்தார்.

"மாமா, இவனுக்கு ஜெயிலு பயம் புடிச்சுக்கிச்சு, பேச்சை மாத்தறான். அதிகாரியே பரிசீலனையில இருக்குதுங்கறாரு. இந்த அஞ்சாங்கிளாசு இல்லைங்கறான்."

மூன்று நாள் பொய்யை நம்பியவர்கள் ஒரு நிமிஷ உண்மையை நம்பவில்லை. நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். எங்கள் அம்மா மேல் ஆணையிட்டேன். "பாவம், ரொம்பப் பயந்துட்டான்" என்றார் மாமா.

கடைசியில் பாவாயி அக்காதான் காப்பாற்றினாள், அல்லது கவிழ்த்தாள். "அவன் சொல்றது மெய்தானுங்க மாமா. மூணு நாளும் ஒரே பேப்பரு. மூலையில பணியாரத்து எண்ணெய் அப்படியே இருந்துச்சு. நடுவுல தொப்பிக்காரன் படமும் அதேதான். எனக்குப் படிக்கத்தான் தெரியாது, பாக்கத் தெரியும்."

"அப்ப ஏன் புள்ள சொல்லல?" என்றார் மாமா.

"பேச்சு நல்லா இருந்துச்சு. நூலு சுத்தற அலுப்பே தெரியல. அப்பறம் அந்த அதிகாரி வந்து சொன்னாரா, ஒருவேளை இவன் பொய்யா ஒளறுனது மெய்யாவே நடந்துருச்சோன்னு எனக்கே மசமசன்னு ஆயிப்போச்சு."

செங்கோடன் தறிக்குழியில் இறங்கி, அறுந்தே போகாத ஓர் இழையை முடிச்சுப் போட ஆரம்பித்தார். ஈரோடு போய் வந்த கார்டைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காதது எங்கள் தறிக்கூடத்தின் பெருந்தன்மை.

"மூணு ராத்திரி நான் தூங்கல" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல். "பொய் படிச்ச நாளுக்குக் கூலி கெடையாது."

அப்போது பொன்னான் பேசினார். அவர் குரலை நான் கேட்டது அன்றுதான். "இவன் வேலை போயிருமோன்னு பொய் சொன்னான். அந்த அதிகாரியும் அதுக்குத்தான் சொன்னாரு. அவருக்குச் சம்பளத்தைப் புடிப்பாங்களா?"

தறிக்கூடம் இரண்டாகப் பிரிந்தது. பொய்யாக இருந்தாலும் வாசித்த தொண்டைக்குக் கூலி உண்டு என்று பாவாயி அக்காவும் பொன்னானும். சரக்கு கெட்டது என்றால் கூலி இல்லை, வேட்டியில் இழை விட்டால் முதலாளி நம் கூலியைப் பிடித்துக்கொள்வதில்லையா என்று மாமாவும் செங்கோடனும். அந்த விவாதம் அன்று முடியவில்லை. அந்த வருஷமும் முடியவில்லை.

சேலம் நடை நின்றது. மனு நிற்கவில்லை. மாத்திரை என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, ரேஷன் கடையில் படிக்குள் விரல் விடுவதையும் நூல் கிடைக்காததையும் சேர்த்து எழுதச் சொன்னார் மாமா. "சேதி பொய்யாப் போச்சு. நம்ம அபிப்பிராயம் பொய்யில்லியே." தபாலில் அனுப்பினோம். முதல் கையெழுத்து என்னுடையதுதான். யாரும் படித்துவிடக் கூடாதே என்று கிறுக்கியதில் என் பெயர் எனக்கே புரியவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி. பரிசீலனையில் இருக்கிறதாம்.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதன்பின் மூன்று வருஷம் வாசித்தேன். ஒரே மாற்றம், வாசிக்கும் முன் பேப்பரைப் பாவாயி அக்காவிடம் காட்ட வேண்டும். அவள் நாலு மூலையையும் திருப்பிப் பார்த்து, எண்ணெய் இல்லையென்றால் தலையசைப்பாள். இந்தக் கதையை எப்படியோ கேட்டுக்கொண்டுதான் என் மனைவி கல்யாணத்துக்குச் சம்மதித்திருக்கிறாள். தீபாவளிக்குச் சேலை எப்போது என்று அவள் கேட்டு நான் விழித்தால், பதிலையும் அவளே சொல்லிவிடுவாள்: "பரிசீலனையில் இருக்குதாக்கும்." என் பிள்ளைகள் பேசப் பழகியபோதே கற்றுக்கொண்ட பெரிய சொல் அது.

பாவாயி அக்காவும் பொன்னானும் அந்த மூன்று நாளுக்கான பங்கை அடுத்த சனிக்கிழமையே கொடுத்துவிட்டார்கள். அங்கமுத்து மாமாவை எப்போது சந்தையில் பார்த்தாலும், "அந்தக் கூலி நாயம் இன்னும் முடியல கண்ணு, பேசி முடிச்சுட்டுத் தாரேன்" என்பார். கடைசியாகப் பார்த்தபோதும் அதையே சொன்னார், வெற்றிலைப் பையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். பேசி முடிக்கவில்லை. மாமா பங்கு அரையணா, செங்கோடன் பங்கு அரையணா. ஆக எனக்கு இன்னும் வரவேண்டியது ஓரணா.