நாற்பதடி ஆற்றுக்குப் பன்னிரண்டடிப் பாலம்

ஆறு தாராளமாகக் காலை நீட்டிப் படுத்து, இருபுறமும் வயலும் புல்லுமாகப் பரந்து கிடக்கும் பள்ளத்தாக்கை ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத் என்பார்கள். இரண்டு மலையும் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவில் ஆறு ஒடுங்கி ஓடினால் அது கிளென். இதில் ஒருவருக்குச் சந்தேகம் வரவேண்டுமானால் அவர் அலுவலகத்தில் வேலை பார்க்க வேண்டும்.

டூகால்ட் ஆடு வளர்க்கும் ஊர் ஸ்ட்ராத்டோரன். மூன்று வருஷத்துக்கு முன்பு விடுதிக்கார லாக்லன் ஒரு மனு எழுதினான். ஸ்ட்ராத் என்றால் வெளியூர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை. கிளென் என்றால் விஸ்கிப் புட்டி ஞாபகம் வந்து உடனே மூட்டை கட்டுகிறார்கள். ஆகவே ஊரைக் கிளென்டோரன் ஆக்குக. கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு கிளாஸ். டூகால்ட் இரண்டு முறை போட்டான். பெயரும் மாறிற்று.

இந்த ஜனவரி வெள்ளத்தில் நடைபாலம் போயிற்று. டூகால்டின் நூற்றெண்பது ஆடுகளும் அக்கரையில். ஏப்ரலில் குட்டி போடும். சுற்றிப் போனால் பதினோரு மைல். பிறக்கும்போது குட்டி கால் மடங்கி மாட்டிக்கொண்டால், தாய் ஆடு பதினோரு மைல் காத்திருக்காது.

மார்ச்சில் பாலத் துறையிலிருந்து பிரிங்கிள் அளவு நாடாவோடு வந்தார். டூகால்ட் அவர் பின்னாலேயே போனான்.

“சார், ஆறு நாற்பதடி. நீங்கதானே அளந்தீங்க?”

“அளந்தேன். ஆனா இது கிளென். கிளெனுக்குப் பன்னிரண்டடிப் பாலம்தான் விதி.”

“மீதி இருபத்தெட்டு அடி?”

“அது ஸ்ட்ராத் பிரிவு. வேற ஆபீஸ்.”

“அந்த மலையைப் பாருங்க. இங்கிருந்து நடந்தா அரை மணி ஆகும். இதுவா கிளென்?”

பிரிங்கிள் மலையைப் பார்த்தார். பிறகு ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்தார். பலகைதான் பக்கத்தில் இருந்தது.

“மலை எங்களுக்கு மனு போடலையே. நீங்க போட்டிருக்கீங்க. ரெண்டு தடவை.”

மாதக் கடைசியில் பேக்பைப் வாசித்து, ரிப்பன் வெட்டிப் பாலத்தைத் திறந்தார்கள். பன்னிரண்டடி போய் ஆற்றின் மேல் நின்றது. கடிதமும் வந்தது: ‘மேற்படி பாலம் விதிகளுக்குட்பட்டு முழுமையாக நிறைவேற்றப்பட்டது. ஆறு எஞ்சியுள்ளதாக இவ்வலுவலகப் பதிவேடுகளில் குறிப்பேதும் இல்லை.’

ஏப்ரலில் டூகால்ட் சுற்றிச் சுற்றி நடந்தான். ஏழு குட்டிகள் அவன் போய்ச் சேருமுன்பே போய்விட்டன. அதே வாரம் யாரோ பாலத்தின் நுனியில் நின்று படம் எடுத்து ஊருலகத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். பிறகு பஸ் பஸ்ஸாக ஜனம். நுனியில் நிற்க வரிசை.

மே மாதம் இன்னொரு கடிதம். ஊரார் ஏகமனதாகப் பழைய பெயருக்குத் திரும்பினால், நாற்பதடிப் பாலம் ஒரே மாதத்தில். மண்டபத்தில் கூட்டம் கூடியது. டூகால்ட் எழுந்தான்.

“ஏழு குட்டி போச்சு. பேரை மாத்துங்கப்பா.”

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். லாக்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“நெஞ்சு அடைக்குது, டூகால்ட். ஆனா முழுப் பாலத்தைப் படம் எடுக்க எவன் வருவான்?”

“என் ஆடு என்னடா பண்ணும்?”

மனைவி எஃபி அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “உட்காருங்க. நம்ம மாடி ரூம் செப்டம்பர் வரைக்கும் புக் ஆயிருக்கு.”

“எனக்குச் சொல்லவே இல்லையே?”

“நீங்க வீட்டில எங்க இருந்தீங்க?”

டூகால்ட் உட்கார்ந்தான். கிளென்டோரனே நீடிக்கட்டும் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். மண்டபம் முழுக்கக் கை. ஒன்று மட்டும் குறைந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் டூகால்ட் அதையும் மெதுவாகத் தூக்கினான்.

அடுத்த தீர்மானம்: ஏழை ஆட்டுக்காரனின் துயரத்தைக் கண்டுகொள்ளாத அதிகாரிகளுக்குக் கடும் கண்டனம். அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவன் டூகால்ட்.