எஞ்சினுக்கு அடியில் இருந்த மணை

மைசூரில் எந்தப் பொருளும் தானாக நிற்கும் என்று நம்பாத ஒரே மனிதர் எங்கள் விஜயநகர் தெருவின் 'டபுள் சப்போர்ட்' சார்தான். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வேட்டியை இறுக்கிக் கட்டி, அதன் மேல் பெல்ட்டும் போடுவார். ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல்லும் வைப்பார். பல்பு மாற்ற ஏணியில் ஏறினால், ஏணியை ஜன்னல் கம்பியோடு கட்டிவிட்டு, கீழே தன் மனைவியான மாமியையும் பிடித்துக்கொள்ளச் சொல்வார். மாமிக்கு முட்டிவலி. அதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடி பிடிப்பார். அந்த நாற்காலி ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் அட்டை மடித்துச் செருகியிருக்கும்.

இப்படிப்பட்டவரின் பழைய காரில் எஞ்சின் படுத்துவிட்டது. மெக்கானிக் அதை வீட்டு போர்டிகோவிலேயே கழற்றிக் கொண்டுபோய்ச் சரிசெய்தார். திரும்ப மாட்ட ஒரு கயிறும் ஒரு ஜாக்கியுமாக வந்து நின்றார். அவ்வளவுதான். "ஒரு ஜாக்கியை நம்பி எஞ்சினை வைப்பாளா?" என்று சார் ஆரம்பித்தார். மெக்கானிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு "நீவே மாடி சார்", நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, எஞ்சினை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன், சொந்த ஊர் கொள்ளேகால். ஊரில் டிராக்டர் எஞ்சின் இறக்கி ஏற்றியிருக்கிறேன் என்று என்றைக்கோ வாய் தவறிச் சொல்லியிருந்தேன். சார் அதை மறக்கவில்லை.

ஆயுத பூஜைக்குள் கார் ஓடியாக வேண்டும். மேல்கோட்டையில் மாமியின் அக்கா படுத்த படுக்கையாக இருந்தார். "போன்ல என் பேரையே மாத்திச் சொல்றா. இன்னும் நாள் போனா முகமும் மறந்துடும். விஜயதசமிக்குப் போயே ஆகணும்," என்றார் மாமி. அந்த முட்டியோடு பஸ் ஏற முடியாது. வாடகைக் கார் வைக்கலாமே என்றேன். "டிரைவர் ஒருத்தர்தானே வருவார்?" என்றார் சார்.

பாரம் தூக்கும் செயின் பிளாக் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆயுத பூஜைக்கு முதல் நாள் எஞ்சினைக் காருக்குள் இறக்கினோம். போல்ட் போடும்வரை அதைத் தாங்க வேண்டுமே. மேலே, இரண்டு பக்கத்து பானெட் விளிம்பிலும் படுகிற மாதிரி தடித்த இரும்புக் குழாய் ஒன்றைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து சங்கிலியால் எஞ்சினைக் கட்டினார் சார். கீழே ஜாக்கி. ஜாக்கியின் இரும்பு நேராகப் பட்டால் எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி நசுங்கும். பாரம் பரவட்டும் என்று வீட்டிலிருந்த மணையை நடுவில் கொடுத்தார். பூஜையில் உட்காரும் அதே பலா மணை.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. ஒவ்வொரு போல்ட்டைத் தொடும் முன்பும் சார் குழாயைத் தட்டுவார். "மேலே இருக்கா? இருக்கு." குனிந்து டார்ச் அடிப்பார். "கீழே இருக்கா? இருக்கு." எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

கடைசி போல்ட்டுக்குத் துளை நேராகவில்லை. சங்கிலியை அவிழ்த்து ஒரு கண்ணி இறக்கிக் கோத்தால் சரியாகும். ஜாக்கி தாங்கிக்கொள்ளும். அதற்கு முன் நீளமான போல்ட் ஒன்று வாங்கக் கடைக்குப் போய்வந்தோம். வந்ததும் இடது கை விரல்களைத் துளைக்கு அடியில் விட்டு, வலது கையால் சங்கிலியைப் பிணைத்திருந்த நட்டில் ஸ்பானரை மாட்டினேன்.

"இருங்கோ, பார்த்துக்கறேன்."

"இப்பதானே சார் பாத்தோம்?"

"வெளியில போய்ட்டு வந்தோமே."

முனகிக்கொண்டே நின்றேன். சார் குழாயைத் தட்டினார். குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"விரலை வெளியில எடுங்கோ," என்றார் மெதுவாக.

எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஜாக்கி இறங்கிக் கிடந்தது. மணையைக் காணோம். எஞ்சினின் போல்ட் ஏறாத பக்கம் முழுவதும் நான் அவிழ்க்க இருந்த சங்கிலியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பானரைக் கழற்றித் தூரமாக வைத்தேன்.

சார் உள்ளே பார்த்துக் கேட்டார். "மணை எங்கே?"

"ஸ்வாமிகிட்ட. சரஸ்வதி பூஜைக்குப் புஸ்தகத்தைத் தரையிலயா அடுக்குவா?" என்றார் மாமி. "நீங்க பண்றாப்லயே ஜாக்கியோட கைப்பிடியைத் திருகினேன். இறங்கித்து. குடைக் கொக்கியால மணையை இழுத்துண்டேன்."

"எஞ்சினுக்கு அடியில இருக்கறதை எடுப்பாளா?"

"மேலதான் சங்கிலி இருக்கே. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்கதானே சொல்றேள்?"

சார் வேட்டி மேல் இருந்த பெல்ட்டை ஒரு துளை இறுக்கிக்கொண்டார்.

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை அசைக்கக் கூடாது. "இன்னொரு மணை இருக்குமே?" என்றார் சார்.

"அது கொலுப்படிக்கு முட்டு. நீங்கதான் வச்சேள்."

கடைசியில் எங்கள் வீட்டுத் தடித்த சப்பாத்திப் பலகையைக் கொண்டுவந்தேன். சார் அதன் மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு ஜாக்கியில் வைத்தார். மேலே தட்டினார், கீழே டார்ச் அடித்தார். இந்த முறை நானும் கூடவே குனிந்தேன். போல்ட் ஏறியது. சாயங்காலம் கார் கிளம்பியது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவர், டிக்கியில் இருந்த ஸ்டெப்னிக்கும் ஒன்று வைத்தார். எங்கள் வீட்டில் அன்று சப்பாத்தி இல்லை, சாதம்தான்.

மறுநாள் என்னையும் மேல்கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். அக்கா வீட்டுக்குக் கல்படி ஏற வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. மாமியின் ஒரு கையை சார் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். என் தோளை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"இருக்கு," என்று மாமியிடம் சொல்லிவிட்டு முதல் படியில் கால் வைத்தார்.

உள்ளே கட்டிலில் இருந்த அக்கா தங்கையையே உற்றுப் பார்த்தார். "ஜயாவா? ரெண்டு பேர் பிடிச்சுண்டு வராளே, உனக்கென்னடி குறை?" என்றார். தன் பெயர் சரியாக வந்ததும் மாமி அழுதுவிட்டார்.

எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ நற்சான்று தந்திருக்கிறார்கள். அந்த ஒரு "இருக்கு"வுக்கு எதுவும் ஈடாகாது.